மருதானைக் குசினிக்கு வெப்ப அலாரம்

வெப்ப அலாரம் உள்ளங்கை அகலமுள்ள வட்டக் கருவி; முகட்டில் பொருத்தப்படுவது. அதைச் சுற்றியுள்ள காற்று குறித்த ஒரு வெப்பநிலையைத் தொட்டதும் அலறும். புகைக்கும் ஆவிக்கும் தாளித நெடிக்கும் அது அசையாது. வீடுகளுக்கென விற்கப்படும் வகைகள் பெரும்பாலும் 54 பாகை செல்சியஸுக்கும் 70 பாகைக்கும் இடையே ஏதாவது ஒரு புள்ளியில் ஒலிக்கும்படி அமைக்கப்பட்டவை. அமெரிக்கத் தயாரிப்புகளில் 57 பாகை என்பது வழக்கமான எண்.

இன்றைய கருவிகளின் உள்ளே தேர்மிஸ்டர் எனும் சிறு மணி இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை மாறும். மின்சுற்றிலுள்ள சிப் அந்த மாற்றத்தை அளந்து, எல்லை தாண்டியதும் ஒலிப்பானை இயக்கும். பழைய வகைகளில் சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகடு இருந்தது. சிலவற்றில் குறைந்த சூட்டிலேயே உருகும் ஈயக் கலவை இருந்தது. யோசனை புதியதல்ல. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜோர்ஜ் அண்ட்ரூ டார்பி மின்சாரத்தால் இயங்கும் வெப்ப உணர்கருவிக்கு 1902இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். வெப்பநிலை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை அளக்கும் இன்னொரு வகையும் உண்டு; நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 பாகைக்கு மேல் ஏறினால் அது ஒலிக்கும். களஞ்சியத்துக்கு அது நல்லது. குசினிக்கு ஏற்றதல்ல. இடியப்பச் சட்டியின் மூடியைத் திறந்தாலோ ஓவனின் கதவைத் திறந்தாலோ எழும் சூட்டையே தீயென்று எண்ணிவிடும். குசினிக்கு வாங்கும்போது நிலையான வெப்பநிலையில் இயங்குவதையே கேட்டு வாங்க வேண்டும்.

பெரிய தொடர்மாடிகளில் குடியிருப்போர் ஒரு வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது. அங்கே முகட்டில் இருப்பது பல வேளைகளில் வெறும் உணர்கருவி. அது தானாக ஒலிக்காது. கீழ்த்தளத்திலுள்ள கட்டுப்பாட்டுப் பலகைக்குச் செய்தி அனுப்பும், அந்தப் பலகைதான் மணியை அடிக்கும். பலகை பழுதாகிக் கிடந்தால் முகட்டிலுள்ள கருவியால் பயனில்லை. அலாரம் என்பது உணர்வதும் ஒலிப்பதும் ஒரே கூட்டுக்குள் அமைந்தது. தனி வீட்டுக்கும் வாடகை அறைக்கும் தேவைப்படுவது இதுவே.

குசினிக்கு ஏன் புகை அலாரம் வேண்டாம் என்பதற்குக் கொழும்பின் மருதானையில் அதிகம் விளக்கம் தேவைப்படாது. காய்ந்த மிளகாயை வறுத்தாலே போதும். கடுகும் கறிவேப்பிலையும் வெடிக்கும் தாளிதம், நோன்பு மாதத்தில் மாலை நான்கு மணிக்குப் பிறகு சமோசாவும் ரோல்ஸும் பொரியும் தாச்சி, தீபாவளிக்கு முந்தின இரவு முறுக்கு எண்ணெய் என்று ஒவ்வொன்றும் புகை அலாரத்தை அலற வைக்கும். மூன்றாம் நாள் யாரோ ஸ்டூல் போட்டு ஏறிப் பற்றரியைக் கழற்றி அலுமாரிக்குள் போட்டுவிடுவார்கள். வீடுகளில் அலாரங்கள் ஊமையாவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. பழைய மருதானை வீடுகளில் சிக்கல் இன்னும் கூடும். மாளிகாகந்தைப் பக்கத்து வரிசை வீடுகளிலும் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளுக்கு மேலுள்ள மாடி வீடுகளிலும் குசினி என்பது பின்பக்கத்தில் ஆள் ஒருவர் திரும்ப மட்டுமே இடமுள்ள ஓர் ஒடுக்கம். காற்றுப் போக ஒரு சிறு ஜன்னல். புகைக்குப் போக்கிடம் வீட்டின் உள்பக்கம்தான்.

வெப்ப அலாரம் இந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: அது பிந்தி ஒலிக்கும். அடுப்பில் மறந்துவிட்ட எண்ணெய் 200 பாகை அளவில் புகையத் தொடங்கும். ஏறத்தாழ 350 பாகையைத் தாண்டினால் தீக்குச்சி படாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். புகையத் தொடங்குவதற்கும் பற்றுவதற்கும் இடையில் சில நிமிடங்கள் கிடைக்கும். அந்த இடைவெளியில் புகை அலாரம் ஒலித்திருக்கும். வெப்ப அலாரம் அநேகமாகச் சும்மா இருக்கும். எண்ணெய் பற்றி, சுவாலையின் சூடு மேலெழுந்து முகட்டின் கீழ் பரவிய பிறகுதான் அது ஒலிக்கும். மெத்தையிலோ துணிக் குவியலிலோ சுவாலையில்லாமல் கருகிப் புகையும் தீயென்றால் இன்னும் மோசம். அறை முழுக்க நச்சுப் புகை நிறைந்த பின்னும் முகட்டுக் காற்று 54 பாகையைத் தொடாமல் இருக்கலாம்.

வீட்டுத் தீயில் உயிரை முதலில் பறிப்பது புகை. தப்புவதற்கான நேரமும் முன்பைவிடச் சுருங்கிவிட்டது. அமெரிக்காவில் 1970களில் செய்யப்பட்ட சோதனைகளில், சுவாலைத் தீ மூண்ட வீட்டிலிருந்து தப்பக் கிடைத்த நேரம் ஏறத்தாழ 17 நிமிடம். அதே வகைச் சோதனைகளை அந்நாட்டின் தேசிய தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2004இல் வெளியிட்ட ஆய்வில் மீண்டும் செய்தபோது அது சுமார் 3 நிமிடமாகச் சுருங்கியிருந்தது. ஸ்பொஞ்ச் மெத்தை, பிளாஸ்டிக், செயற்கை இழைத் திரைச்சீலை போன்றவை மரத்தையும் பருத்தியையும்விட வேகமாக எரிவதே காரணம். எனவே படுக்கையறை, கூடம், படிக்கட்டு ஆகிய இடங்களில் வெப்ப அலாரத்தை மட்டும் வைப்பது தவறு. அங்கெல்லாம் புகை அலாரம்தான் வேண்டும். வெப்ப அலாரத்தின் இடம் குசினி; அடுத்து, தூசும் வாகனப் புகையும் நிறைந்த கராஜ் அல்லது வேலைக் கொட்டகை. கடைக்காரர் சிலர் வெப்ப அலாரத்தைப் பொய்யாக ஒலிக்காத புகை அலாரம் என்று சொல்லி விற்பதுண்டு. அந்த விளம்பரத்தை நம்பி அதைக் கட்டிலுக்கு மேல் மாட்டுவது ஆபத்து.

கொழும்பின் வெக்கைக்கு ஏற்ற அலாரம் எது என்பது அடுத்த கேள்வி. ஐரோப்பியத் தரநிலை வெப்ப உணர்கருவிகளை வகுப்புகளாகப் பிரிக்கிறது. ஏ1, ஏ2 வகுப்புகள் முகட்டுச் சூடு 50 பாகைக்கு மேல் போகாத இடங்களுக்கு உரியவை. ஏ1 54க்கும் 65க்கும் இடையிலும் ஏ2 54க்கும் 70க்கும் இடையிலும் இயங்கும். பி வகுப்பு 65 பாகை வரை சூடாகும் இடங்களைத் தாங்கும். 69க்கும் 85க்கும் இடையில் ஒலிக்கும். கொங்கிறீற் தட்டின் கீழுள்ள குசினிக்கு, அதாவது மேலே இன்னொரு மாடி இருக்கும் வீட்டுக்கு, ஏ வகுப்பு போதும். கொழும்பில் வெளிக் காற்று ஆண்டு முழுவதும் பகலில் 30 பாகையை ஒட்டியே நிற்கிறது. அடுப்புச் சூட்டைச் சேர்த்தாலும் முகட்டில் 40ஐ எட்டுவது அரிது. தகரக் கூரைக்கு நேர் கீழே கதை வேறு. சித்திரை மாத நடுப்பகலில் தகரத்துக்கு ஒரு சாண் கீழேயுள்ள காற்று, அடுப்பு மூட்டாமலே கொதிக்கும்.

அமெரிக்கத் தேசிய தீப்பாதுகாப்புச் சங்கத்தின் விதி இங்கே உதவும்: அலாரம் ஒலிக்கும் வெப்பநிலை, அந்த இடத்தில் எதிர்பார்க்கக்கூடிய அதிகூடிய முகட்டு வெப்பநிலையைவிடக் குறைந்தது 11 பாகை கூடுதலாக இருக்க வேண்டும். இதை அறிய ஊகம் தேவையில்லை. சாதாரண அறை வெப்பமானி ஒன்றைக் கயிற்றில் கட்டி, அலாரம் வரவேண்டிய உயரத்தில் தொங்கவிட்டு, வெயில் நாட்களில் மதியம் இரண்டு மணிக்கும் சமையல் உச்சத்திலும் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். 46 பாகைக்குள் நின்றால் 57 பாகை அலாரம் சரி. அதைத் தாண்டினால் பி வகுப்பைத் தேட வேண்டும், அல்லது கூரைக்குக் கீழே ஒரு தட்டு அடித்த பிறகு அலாரத்தை நினைக்க வேண்டும்.

வாங்கும் இடம் பெரும்பாலோருக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவாகவோ இணையக் கடையாகவோ இருக்கும். பெட்டியின் வெளிப்பக்கத்தை நம்பாமல் கருவியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பது முக்கியம். வெப்ப அலாரத்துக்குப் பிரிட்டிஷ் தரநிலை பிஎஸ் 5446-2, அமெரிக்கத் தரநிலை யூஎல் 539. புகை அலாரத்துக்கு ஈஎன் 14604 அல்லது யூஎல் 217. எந்த எண்ணும் இல்லாமல் ‘ஃபயர் அலாரம்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதை வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். தயாரித்த திகதியோ மாற்ற வேண்டிய ஆண்டோ அடிப்பக்கத்தில் இருக்கும். இந்தக் கருவிகளின் ஆயுள் பொதுவாகப் பத்து ஆண்டு. அலுமாரியில் நான்கு ஆண்டு கிடந்த சரக்குக்கு அதில் மீதி ஆறுதான்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 9 வோல்ட் பற்றரி போடும் வகை, கழற்ற முடியாதபடி பத்தாண்டு லித்தியம் பற்றரி அடைக்கப்பட்ட வகை, 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடிப் பற்றரியைத் துணைக்கு வைத்திருக்கும் வகை என மூன்று உண்டு. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரே நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது யாருக்கும் மறந்திருக்காது. மின்வெட்டு நேரத்தில்தான் மெழுகுதிரியும் குப்பி விளக்கும் ஏற்றப்படுகின்றன. அப்போது ஊமையாகிவிடும் அலாரம் வீண். எனவே துணைப் பற்றரி இல்லாத வகை இங்கே கூடவே கூடாது. வாடகை வீட்டுக்காரருக்கு அடைத்த லித்தியம் வகையே வசதி. வயர் இழுக்க வீட்டுச் சொந்தக்காரரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. வீடு மாறும்போது கழற்றிக்கொண்டும் போகலாம். டோர்ச்சுக்கும் டிவி ரிமோட்டுக்கும் பற்றரி கடன் கொடுக்க முடியாதென்பது இன்னொரு நன்மை.

இனிப் பொருத்தும் இடம். சூடான காற்று மேலே போய் முகட்டில் பரவுவதால் அலாரம் முகட்டில்தான் இருக்க வேண்டும், முடிந்தால் நடுவில். சுவரிலிருந்தும் மின்குமிழிலிருந்தும் குறைந்தது 30 சென்ரிமீற்றர் தள்ளி இருக்க வேண்டும். சுவரும் முகடும் சேரும் மூலையில் காற்று தேங்கி நிற்கும். உணரும் பகுதி முகட்டிலிருந்து 15 சென்ரிமீற்றருக்கு மேல் கீழிறங்கக் கூடாது. பிரிட்டிஷ் விதிப்படி அறையின் எந்த மூலையும் அலாரத்திலிருந்து 5.3 மீற்றருக்கு அப்பால் போகக் கூடாது. மருதானைக் குசினிகளுக்கு இது ஒரு பொருட்டே அல்ல, ஒன்று தாராளம். வெள்ளவத்தையின் புதிய தொடர்மாடிகளில் குசினியும் சாப்பாட்டு மேசையும் வரவேற்பறையும் ஒரே மண்டபமாக இருப்பதால், அங்கே இந்த அளவைப் பார்த்தே ஆகவேண்டும். அப்படிக் கதவில்லாத குசினியில் வெப்ப அலாரமும், அதற்கு வெளியே அறைகளுக்குப் போகும் வழியில் புகை அலாரமும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

அடுப்புக்கு நேர் மேலே மாட்டக் கூடாது. ஏசியிலிருந்து காற்று வரும் வாயிலிலிருந்து ஒரு மீற்றராவது விலக வேண்டும். மின்விசிறி முழு வேகத்தில் சுழலும் இடத்தில் சூடு கலைந்துபோய் அலாரம் இன்னும் பிந்தும். சரிந்த கூரையென்றால் உச்சிக்கு அருகில் வைக்க வேண்டும். தாழ்ந்த பக்கத்தில் வைத்தால் சூடு அதைத் தொடாமலே மேலே போய்விடும்.

கொங்கிறீற் முகட்டில் 6 மில்லிமீற்றர் துளை இரண்டு, பிளாஸ்டிக் ஆப்பு இரண்டு, ஸ்குரூ இரண்டு. அடித்தட்டைப் பொருத்தி, அலாரத்தை அதில் வைத்துக் கடிகாரத் திசையில் திருகினால் சொடுக்கென்று பூட்டிக்கொள்ளும். பற்றரி வகைக்கு வேலை இவ்வளவுதான். துளையிடுமுன் மின்குமிழுக்குப் போகும் வயர் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்ப்பதும், பிரதான சுவிட்சை அணைத்துவிட்டுப் பற்றரியில் ஓடும் டிரில்லைப் பாவிப்பதும், ஸ்டூலுக்குப் பதில் ஒருவர் பிடித்துக்கொள்ள ஏணியில் ஏறுவதும் சொல்லித்தான் தெரியவேண்டிய விஷயங்களல்ல. ஆனாலும் அலாரம் பொருத்தப் போய் விழுந்து கையை முறித்துக்கொள்வோர் எங்கும் இருக்கிறார்கள். அஸ்பெஸ்டஸ் ஷீட்டில் மட்டும் துளையிடவே கூடாது. வெளிவரும் இழை நுரையீரலைக் கெடுக்கும். குறுக்குச் சட்டம் ஒன்றின் மரத்தில் பொருத்திவிடலாம். இரட்டைப் பக்கப் பசைநாடாவில் ஒட்டும் பழக்கமும் பரவியிருக்கிறது. குசினி முகட்டின் எண்ணெய்ப் படலத்தில் அது சில மாதம் கூடத் தாங்குவதில்லை.

230 வோல்ட் வகையைப் பொருத்துவது தகுதி பெற்ற எலக்ட்ரிசியனின் வேலை. அவரிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அலாரத்துக்கான இணைப்பை அடிக்கடி பாவிக்கும் விளக்கின் சுற்றிலிருந்து எடுப்பது நல்லது. அந்தச் சுற்று அறுந்தால் விளக்கு எரியாது, உடனே தெரியவரும். தனிச் சுற்றில் வைத்து அது விழுந்துவிட்டால் பல வாரம் யாருக்கும் தெரியாமல் போகலாம். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே, அலாரம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ட்ரிப் சுவிட்ச் மின்னொழுக்கைப் பிடிக்கும். தளர்ந்த ப்ளக்கில் உருவாகும் சூட்டை அது அறியாது. தாச்சியில் பற்றிய எண்ணெயையும் அறியாது.

கடை கீழே, குடும்பம் மேலே என்ற அமைப்பு மருதானையிலும் பஞ்சிகாவத்தையிலும் வழமையானது. ரப்பர், ஒயில், கடதாசிப் பெட்டி எல்லாம் கீழே. ஏறி இறங்க ஒரே ஒரு ஒடுங்கிய படிக்கட்டு, பல இடங்களில் பலகைப் படி. கீழே மூளும் தீயின் புகைக்கு அந்தப் படிக்கட்டே புகைபோக்கி. இங்கே தனித்தனி அலாரங்கள் போதாது. ஒன்று ஒலித்தால் எல்லாம் ஒலிக்கும்படி இணைத்தவை வேண்டும். வயரால் இணைப்பது உறுதியானது. வானொலி அலையால் இணைப்பது எளிது. பழைய கட்டடங்களின் தடித்த செங்கல் சுவர் அலையை மங்கச் செய்யும் என்பதால், பொருத்திய பின் ஒவ்வொன்றின் பொத்தானையும் அழுத்தி மற்றவை எல்லாம் ஒலிக்கின்றனவா என்று எல்லாக் கதவையும் மூடி வைத்துப் பார்க்க வேண்டும்.

சாதாரண அலாரம் மூன்று மீற்றர் தூரத்தில் 85 டெசிபல் ஒலிக்கும். இரண்டு கதவு தாண்டினால் அது தூங்குபவரை எழுப்பாமல் போகலாம். குழந்தைகள் விஷயம் இன்னும் கவலைக்குரியது. ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகம் தீயணைப்பு அதிகாரிகளோடு சேர்ந்து செய்த சோதனையில், தூங்கிக்கொண்டிருந்த 34 குழந்தைகளில் 27 பேர் அலாரம் மீண்டும் மீண்டும் ஒலித்தும் எழும்பவில்லை. பிள்ளைகளை எழுப்புவது யார், காது கேளாத பாட்டியைக் கைபிடிப்பது யார் என்பது முன்கூட்டியே பேசி முடிவாகியிருக்க வேண்டும். செவிப்புலன் குறைந்தவர்களுக்கென ஒளி மின்னும் அலாரங்களும் தலையணைக்கடியில் அதிரும் தட்டும் கிடைக்கின்றன.

பொருத்தியாயிற்று என்று விட்டுவிட முடியாது. மாதம் ஒருமுறையாவது பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை என்பது பிரிட்டிஷ் தீயணைப்புச் சேவைகளின் அறிவுரை. லைட்டரைப் பிடித்துச் சோதிப்பது கூட்டை உருக்கும், உணர்மணியையும் கெடுக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உலர்ந்த துணியாலோ மென்மையான தூரிகையாலோ துடைக்க வேண்டும். குசினியில் எண்ணெயும் தூசும் சேர்ந்து பிசினாகப் படியும், துவாரங்களில் எறும்பும் கரப்பான் குஞ்சும் குடியேறும். சோப்புத் தண்ணீரோ பூச்சி மருந்தோ படக் கூடாது. புதுவருடத்துக்கோ பெருநாளுக்கோ வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது பெயின்ற்காரர் அலாரத்தின் மேலும் ஒரு கோட் அடித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. பெயின்ற் படிந்ததைச் சுரண்டிப் பயன்படுத்த முடியாது, மாற்றியே ஆகவேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை ‘கீச்’ என்று ஒற்றை ஒலி வந்தால் தீயல்ல, பற்றரி தீர்கிறது. அது பெரும்பாலும் நள்ளிரவிலேயே தொடங்கும். இரவின் குளிரில் பற்றரியின் வலு மேலும் இறங்குவதால் வரும் வினை இது.

உண்மையாகவே அலறும்போது செய்ய வேண்டியது என்ன? தாச்சியில் தீயென்றால், எட்ட முடிந்தால் காஸைப் பூட்ட வேண்டும். பெரிய மூடியையோ தீப்போர்வையையோ பக்கவாட்டிலிருந்து மெல்லத் தள்ளி மூட வேண்டும். ஆறும் வரை திறக்கவே கூடாது. தண்ணீர் ஊற்றுவது மரணத்தை அழைப்பது. ஊற்றிய நீர் கொதிக்கும் எண்ணெய்க்குள் இறங்கி ஆவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். எரியும் எண்ணெயை முகட்டுவரை வீசியெறியும். தாச்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதும் அதே அளவு ஆபத்து. தீ தாச்சியைத் தாண்டிவிட்டால் அணைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, குசினிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டும். சாத்திய கதவு சில நிமிடம் வாங்கித் தரும்.

வெளியேறுவது என்பது கொழும்பில் சொல்லுமளவு எளிதல்ல. கள்ளருக்குப் பயந்து ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி, வாசலுக்குக் கிரில், கிரிலுக்குப் பூட்டு. அந்தப் பூட்டின் திறப்பு எங்கே என்று இருட்டில், புகைக்குள், நான்கு பேர் தேடுவதை நினைத்துப் பார்த்தால் போதும். கிரிலிலிருந்து கையெட்டும் தூரத்தில், வெளியிலிருந்து எட்டாத ஓர் ஆணியில் திறப்பு எப்போதும் தொங்க வேண்டும். வீட்டிலுள்ள சிறு பிள்ளைக்கும் அது தெரிய வேண்டும். கம்பி போட்ட ஜன்னல்களில் ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கும்படி மாற்றுவது இரும்புக் கடைக்காரருக்கு அரைநாள் வேலை.

கொழும்பு மாநகர சபையின் தீயணைப்புச் சேவைத் தலைமையகம் டி.பி. ஜாயா மாவத்தையில், மருதானைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது; அழைப்பு இலக்கம் 110. ஆனால் வண்டி வீதி வரை வந்துவிடலாம், ஒழுங்கைக்குள் நுழைவதுதான் பிரச்சினை. முச்சக்கர வண்டிகள் இருபுறமும் நிற்கும் ஒழுங்கைகளில் வீட்டு இலக்கங்கள் வரிசையாகவும் இருப்பதில்லை. எனவே அழைப்பவர் பிரதான வீதியின் பெயரையும் அருகிலுள்ள பள்ளிவாசலையோ கோவிலையோ பாடசாலையையோ சொல்ல வேண்டும். ஒருவர் சந்திக்கு ஓடிப்போய் நின்று வழிகாட்ட வேண்டும். தீக்காயத்துக்கு ஆம்புலன்ஸ் இலக்கம் 1990.

வெப்ப அலாரத்தால் முடியாத ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். காஸ் கசிவை அது அறியாது. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இலங்கை முழுவதும் வீட்டுக் காஸ் வெடிப்புகளும் தீயும் நூற்றுக்கணக்கில் பதிவாகி, ஜனாதிபதி விசாரணைக் குழு அமைக்கும் அளவுக்குப் போனது. சிலிண்டரிலிருந்த புரொப்பேன், பியூட்டேன் விகிதம் மாற்றப்பட்டதே அப்போது பெரும் விவாதமாக இருந்தது. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து அலுமாரிக்கடியிலும் மூலைகளிலும் தேங்கும். முகட்டிலுள்ள வெப்ப அலாரம் அறியும்போது வெடிப்பே முடிந்திருக்கும். காஸ் கசிவுக்கென்று தனி உணர்கருவி உண்டு. அது தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் இருக்க வேண்டும். அதை வெப்ப அலாரத்தோடு சேர்த்து முகட்டில் மாட்டும் வீடுகள் இருக்கின்றன; காசைக் கரியாக்குவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. காஸ் மணம் வந்தால் சுவிட்சைத் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்து, சிலிண்டரைப் பூட்டி, வெளியே போய்த்தான் தொலைபேசியை எடுக்க வேண்டும்.

தீ பரவும் வீட்டைக் காப்பதும் வெப்ப அலாரத்தின் வேலையல்ல. கிராண்ட்பாஸ், தொட்டலங்கப் பகுதியின் கஜிமாவத்தையில் 2022 செப்டம்பர் 27ஆம் திகதி மூண்ட தீ நெருக்கமாக நின்ற பலகை வீடுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்று தீர்த்தது. அத்தகைய குடியிருப்பில் அலாரம் ஆட்களை எழுப்பும்; பலகையைக் கல்லாக்காது. லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14ஆம் திகதி அதிகாலை நான்காம் மாடிக் குசினியில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தீ தொடங்கியபோது, அந்த வீட்டின் அலாரம் ஒலித்து வீட்டுக்காரரை எழுப்பியது; அவர் உடனே தீயணைப்புப் படையை அழைத்தார். அலாரம் தன் வேலையைச் செய்தது. கட்டடத்தின் வெளிச்சுவரில் ஒட்டியிருந்த எரியும் பலகைகள் 72 பேரின் உயிரைக் குடித்தன.

அந்தத் தீக்குப் பிறகு ஸ்கொட்லாந்து சட்டத்தை மாற்றியது. 2022 பெப்ரவரி 1 முதல் அங்குள்ள ஒவ்வொரு வீட்டின் குசினியிலும் வெப்ப அலாரம், வரவேற்பறையிலும் ஒவ்வொரு தளத்தின் நடைவழியிலும் புகை அலாரம், எல்லாம் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்க வேண்டும். சொந்த வீடும் விலக்கல்ல. கிளாஸ்கோவில் பிள்ளை இருக்கும் மருதானைக் குடும்பம் அங்கே போனால் குசினி முகட்டில் அந்த வட்டத்தைக் காணலாம். கொழும்பில் அது இன்னும் வீட்டுக்காரரின் சொந்த முடிவு. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் குடியிருப்போர் சங்கங்கள் ஒன்றாகச் சேர்ந்து வாங்கினால் விலையும் குறையும். ஒரே வகையாக இருப்பதால் பற்றரி மாற்றுவதும் பரிசோதிப்பதும் எளிதாகும். வாடகைக்கு விடுபவர் மாட்டித் தராவிட்டால் குடியிருப்பவரே மாட்டிக்கொள்ளலாம், இரண்டு துளைக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

கையில் ஒன்றுக்கு மட்டுமே காசு இருந்தால் அதைப் படுக்கையறை வாசலில் மாட்டும் புகை அலாரத்துக்குச் செலவிட வேண்டும். குசினிக்கான வெப்ப அலாரம் அடுத்த மாதச் சம்பளத்தில் வரலாம். அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம்.